அத்தானும் மச்சினனும் ஆங்கிலத்தில்

பஸ் கட்டும் தொழிற்சாலை மூடப்பட்டதும், வெல்டரும் அவர் மனைவியின் தம்பியான பெயிண்டரும் ஒன்றாகத் தெருவுக்கு வந்ததும், வேலை தேடுகிறவர்களுக்காக அரசாங்கம் இலவசமாக நடத்தும் ஆங்கில வகுப்பில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போய்ச் சேர்ந்ததும் முதலிலிருந்து படிப்பவர்களுக்குப் பழைய சேதி. நடுவில் வந்து உட்காருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். அந்த இருவரும் தமிழில் பேசிக்கொள்வதில்லை.

பேச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொழிற்சாலை வாசலில் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்த சமயம், பெயிண்டர் ஒரு காலையில் பின்கேட் வழியாக உள்ளே போய் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் எடுத்தான். சாயங்காலம் அவன் வெளியே வந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் வெல்டர் அவனைத் துரோகி என்றார். அவன் நின்று அவர் முகத்தைப் பார்த்தான்.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா அத்தான்?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் தமிழ் கிடையாது.

ஆனால் வகுப்பில் கதையே வேறு. மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடம்தான் வகுப்பறை. மேஜைக்கு மேஜை தண்ணீர் வராத குழாய். டீச்சர் சின்னப் பெண். ஆனால் தொண்டை பெரிசு. யார் எதைச் சொன்னாலும் "அகெய்ன்" என்பாள். மறுபடி சொன்னால் மறுபடியும் "அகெய்ன்". அதனால் அவளுக்கு அகெய்ன் டீச்சர் என்றே பெயர் விழுந்துவிட்டது. முதல் நாளே அவள், தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர்தான் என்று இவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து ஜோடி ஆக்கிவிட்டாள். இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதெல்லாம் அவளிடம் செல்லுபடியாகவில்லை. ஒருவர் "ஹவ் ஆர் யூ" என்று கேட்டே ஆக வேண்டும். மற்றவர் "ஐ ஆம் ஃபைன்" என்று சொல்லியே ஆக வேண்டும்.

வெல்டருக்குத் தமிழில் குத்தலுக்குப் பஞ்சமே இல்லை. சாதாரண வார்த்தையைக்கூட நாக்கில் தீட்டித்தான் வெளியே விடுவார். ஆங்கிலத்தில் கையிருப்பு ரொம்பக் கொஞ்சம். குட், பேட், ப்ளீஸ், தேங்க் யூ, சாரி. இதை வைத்துக்கொண்டு யாரைக் குத்துவது? நலம் விசாரிக்கத்தான் முடிந்தது.

விஷயம் எப்படியோ வெல்டரின் மனைவி காதுக்கு எட்டியது. அவள் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறவள். புருஷனும் வேண்டும், தம்பியும் வேண்டும் என்று நடுவில் கிடந்து இடி வாங்கினவள். கிடைத்த வழியைச் சும்மா விடுவாளா?

ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று ஒரு நாள் புருஷனிடம் சொன்னாள். நான் அவனோடு பேசுவதில்லை என்று தெரியாதா என்றார் அவர்.

"தமிழ்ல யாரு பேசச் சொன்னா? வகுப்புல சொல்லுங்க."

மறுநாள் வகுப்பில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "யுவர் சிஸ்டர் கால்ஸ் யூ. சண்டே. வித் பேபி."

பெயிண்டர் கொஞ்சம் யோசித்தான். "டெல் ஹெர் தேங்க் யூ. பேபி ஹேஸ் கோல்ட்."

என்ன அருமையான உரையாடல் என்று டீச்சர் பூரித்துப்போய், மற்றவர்களைக் கைதட்ட வைத்தாள். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இப்படியே போயிருக்கும். கப்பல் பழுதுபார்க்கும் தளத்திலிருந்து ஆள் கேட்டு வந்ததுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அங்கே வெல்டரும் வேண்டும், பெயிண்டரும் வேண்டும். பல மொழிக்காரர்கள் வேலை செய்கிற இடம். எல்லோருக்கும் பொதுவாக ஆங்கிலம்தான். கப்பலின் அடித்தொட்டிக்குள் ஒருத்தன் இறங்கினால், தொட்டி வாயில் இன்னொருத்தன் காவல் நிற்க வேண்டும்; அதனால் ஜோடி ஜோடியாகத்தான் தேர்வு. தன் மாணவர்களில் முதல் ஜோடியாக டீச்சர் யாரை அனுப்பினாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேர்வு இன்றைக்கு.

காலையில் வெல்டர் குளித்துவிட்டு வரும்போது சட்டை தேய்த்துத் தயாராக இருந்தது. மனைவி வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று அவர் காலரைச் சரிசெய்தாள்.

"பயமா இருக்கா?"

"எதுக்குப் பயம்? கை வேலை இருபது வருஷமா தெரியும். வாய் வேலை இந்த ஆறு மாசமா தெரியும்."

சொன்னது வீம்புக்கு இல்லை. உண்மையாகவே அவருக்கு நம்பிக்கை இருந்தது. முன்பெல்லாம் ஆங்கிலம் காதில் விழுந்தால் தகரக் கூரைமேல் மழை பெய்வது போல ஒரே இரைச்சலாக இருக்கும். இப்போது அதில் வார்த்தைகள் தனித்தனியாகக் கேட்டன. எல்லாம் புரிந்துவிடவில்லை. ஆனால் எது புரியவில்லை என்பது புரிந்தது. "சே அகெய்ன் ப்ளீஸ்" என்று கேட்பதில் அவருக்கு வெட்கம் விட்டுப்போயிருந்தது.

"அவனைப் பார்த்துக்கோங்க," என்றாள் மனைவி.

"அவன் என்ன குழந்தையா?"

அவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பஸ்ஸில் வெல்டர் முன்னால் உட்கார்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பெயிண்டர் அவரைப் பார்த்தும் பார்க்காதது போலப் பின்னால் போய்விட்டான். தளத்தின் காத்திருப்பு அறையிலும் அப்படியே. நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால், தண்ணீர் இறைக்கப்பட்ட பெரிய பள்ளத்தில், கட்டைகள்மேல் ஒரு கப்பல் உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றுப் பக்கம் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்த ஆட்கள் எறும்பு அளவுக்குத் தெரிந்தார்கள். பெயிண்டர் கண்கொட்டாமல் அதையே பார்த்தான். ஒரு பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்து முடிப்பதற்கே மலைத்துப்போகிறவன் அவன். இவ்வளவு பெரிய சுவரை யார் அடித்து முடிப்பது என்று நினைக்கிறான் போல என்று வெல்டருக்குத் தோன்றியது. சொல்லிச் சிரிக்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டார்.

பாதுகாப்பு அதிகாரி வந்தாள். வெள்ளை ஹெல்மெட் போட்ட, கட்டைக் குரல் கொண்ட ஒரு அம்மா. எந்த ஊர்க்காரி என்று கண்டுபிடிக்க முடியவில்லை; அவள் பேசிய ஆங்கிலம் அகெய்ன் டீச்சரின் ஆங்கிலம் போல இல்லை. வெல்டர் முதல் வாக்கியத்திலேயே கையைத் தூக்கி, மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அவள் மெதுவாகச் சொன்னாள். இவர் கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது.

கொட்டகையில் பயிற்சிக்கென்று, 2 என்று எண் எழுதிய ஒரு இரும்புத் தொட்டி வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஏணி, மேலே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. உள்ளே கும்மிருட்டு. விதிகளை அதிகாரி விரல் மடக்கிச் சொன்னாள். வெளியே நிற்பவன் இடத்தை விட்டு நகரக் கூடாது. வாக்கிடாக்கியில் உள்ளே இருப்பவனோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன நடந்தாலும், என்னதான் நடந்தாலும், தான் உள்ளே குதிக்கக் கூடாது. காற்றில்லாத தொட்டிக்குள் காப்பாற்றப் போனவர்கள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள் என்றாள்.

பிறகு பெயிண்டரைக் காட்டி, நீ உள்ளே என்றாள். அவன் ஏணியில் ஏறும்போது அவன் காதருகே ஏதோ சொன்னாள். கயிறு கட்டுவதைப் பற்றியதாக இருக்கும் என்று வெல்டர் நினைத்துக்கொண்டார்.

பெயிண்டரின் தலை ஓட்டைக்குள் மறைந்தது. வெல்டர் பொத்தானை அழுத்தினார்.

"ஆர் யூ ஓகே? ஓவர்."

"ஓகே. வெரி டார்க். ஓவர்."

"யூஸ் டார்ச். ஓவர்."

"டார்ச் ஆன். ஐ சீ ஒன் வால்வு. ஓவர்."

"வாட் கலர்? ஓவர்."

"ரெட். பேட் பெயிண்டிங். ஓவர்."

பக்கத்தில் நின்ற ஒரு மேஸ்திரி சிரித்தே விட்டார். வெல்டருக்கும் உதட்டோரம் துடித்தது. வகுப்பில் ஒருத்தர் நடைபாதையிலும் ஒருத்தர் அறையிலும் நின்றுகொண்டு, முகம் பார்க்காமல் பேசி மாதக் கணக்கில் பழகியதுதான். இது ஒரு பெரிய விஷயமே இல்லை என்று அவருக்குத் தெம்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அழுத்தினார்.

"ஆர் யூ ஓகே? ஓவர்."

பதில் இல்லை.

"ஆர் யூ ஓகே? ஓவர்."

வாக்கிடாக்கி கரகரவென்றது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

இது தேர்வு என்பது வெல்டருக்கு அந்த நிமிஷத்தில் மறந்தே போயிற்று. உள்ளே வெல்டிங் வாயு ஏதாவது தங்கியிருந்ததா, பழைய பெயிண்ட் நெடியா, விழுந்து தலையில் அடிபட்டதா என்று மனசு தறிகெட்டு ஓடியது. அவருக்குத் தெரியாமலே ஒரு கால் ஏணியின் முதல் படிக்குப் போய்விட்டது. கைகள் கம்பியைப் பிடித்துவிட்டன.

பிடித்த கைகளை அவரே பிய்த்து எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு காலைக் கீழே வைத்தார். சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அறைந்தார். கொட்டகை முழுக்க மணி அலறியது.

"ஹெல்ப். டேங்க் டூ. மேன் இன்சைட். நோ ஆன்சர். கம் ஃபாஸ்ட். ஐ ஆம் அவுட்சைட். ஐ ஸ்டே."

சொல்லி முடித்தும் அவர் நிறுத்தவில்லை. மீட்பு ஆட்கள் முதுகில் காற்று உருளையோடு ஓடிவருகிற வரைக்கும், தொட்டி வாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, வாக்கிடாக்கியை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "ஐ ஆம் ஹியர். ஐ ஆம் ஹியர். ஐ ஆம் ஹியர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதிகாரி கையைத் தூக்கினாள். மணி நின்றது. ஓட்டையிலிருந்து பெயிண்டரின் தலை வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை. அவன் முகம் மட்டும் என்னவோ போல இருந்தது. இடையில் பதில் சொல்வதை நிறுத்திவிடு என்றுதான் அதிகாரி அவன் காதில் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

வெல்டருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அதை ஆங்கிலத்தில் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. "நாட் குட்," என்றார் அதிகாரியைப் பார்த்து. "வெரி நாட் குட்."

அதற்கு அவள், நீங்கள் செய்தது நன்றாக இருந்தது என்றாள்.

அலுவலக அறையில் இருவரையும் எதிரே உட்கார வைத்தாள். வேலை பற்றிச் சில கேள்விகள். அதற்கெல்லாம் பதில்கள் கையோடு இருந்தன. பிறகு, பேனாவை மூடி வைத்துவிட்டு, வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். காத்திருப்பு அறையில் கண்ணாடி வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நடுவில் நாற்காலியை விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள், கப்பலில் அது ஆகாது, என்ன பிரச்சினை?

பெயிண்டர் தரையைப் பார்த்தான். வெல்டருக்குத் தமிழில் இதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்ல முடியும். சங்கம், வாசல், பின்கேட், மானம் என்று ஆரம்பித்தால் நிற்காது. ஆங்கிலத்தில் தேடிப் பார்த்தார். கிடைத்தது இவ்வளவுதான்.

"ஹீ இஸ் மை ஒய்ஃப்ஸ் பிரதர். ஒன் இயர், நோ டாக். ஐ ஆம் ஆங்க்ரி."

இன்னமுமா என்று கேட்டாள்.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தார். சொல்ல வரவில்லை.

"எஸ். ஸ்டில் ஆங்க்ரி," என்றார். "பட் ஐ ஸ்டே. ஹீ கம்ஸ் அவுட். தென் ஐ கோ ஹோம்."

அதிகாரி பெயிண்டர் பக்கம் திரும்பினாள். இந்த ஆள் தொட்டி வாயில் நின்றால் நீ மறுபடியும் உள்ளே இறங்குவாயா?

"எஸ்."

ஏன்?

பெயிண்டர் நிமிர்ந்தான். "ஹீ இஸ் ஆங்க்ரி மேன், மேடம். நாட் பேட் மேன்."

அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் வந்து ஹெல்மெட்டும் பூட்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. சாயங்கால வகுப்பை நிறுத்தக் கூடாது. டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், நீங்கள் புரியவில்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள், அது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது என்றும் சொன்னாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில் ஒரு டீக்கடை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருவருமே தனித்தனியாக அதற்குள் நுழைந்துவிட்டார்கள். நுழைந்தபிறகு பார்த்தால் உட்கார ஒரே பெஞ்சு.

வெல்டர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். பெயிண்டர் தொடவில்லை. மேலே ஆடை படிய விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க கூப்பிட்டது எல்லாம் உள்ளே கேட்டுச்சு அத்தான்," என்றான். தமிழில்.

வெல்டர் ஊதுவதை நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"ஐ ஆம் ஹியர்னு சொல்லிட்டே இருந்தீங்க. பதில் சொல்லாம இருக்கறது எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?"

"வாயை மூடிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தியே, உன்னைச் சொல்லணும்," என்றார் வெல்டர். "எனக்கு உயிரே போயிடுச்சு."

தமிழ் திரும்பி வந்ததில் வெல்டருக்கு நாக்கு கூசியது. ரொம்ப நாள் கழித்துத் திறந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை.

பெயிண்டர்தான் தொடர்ந்தான். "எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான் அத்தான். அக்கா எல்லாத்தையும் உங்ககிட்ட சொன்னதுக்கு அப்புறமும் என்னைத் துரோகின்னு சொன்னீங்களே."

"என்ன சொன்னா உங்க அக்கா?"

பெயிண்டர் அவரைப் பார்த்தான். கிண்டல் செய்கிறாரா என்று பார்த்தான். இல்லை.

"அன்னிக்கு என்னை உள்ளே போகச் சொன்னதே அக்காதானே."

வெல்டர் கிளாஸைக் கீழே வைத்தார்.

மீதியைப் பெயிண்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். அவன் பெண்டாட்டி அப்போது நிறைமாதத்தில், ஆபத்தான நிலையில், ஆஸ்பத்திரியில் இருந்தாள். வேலைநிறுத்தம் செய்கிறவர்களுடைய மருத்துவ அட்டையைக் கம்பெனி ரத்து செய்யப்போகிறது என்று பேச்சு. அது வெறும் பூச்சாண்டி என்று வாசலில் நின்று எல்லோருக்கும் தைரியம் சொன்னது வெல்டர்தான். ஆனால் அட்டை செல்லாது என்று வேறொரு தொழிலாளியின் மனைவியை ஆஸ்பத்திரி கவுண்டரில் திருப்பி அனுப்பியதைச் சலவைக் கூடத்துக்குப் போகிற வழியில் அக்கா கண்ணால் பார்த்திருக்கிறாள். நேரே தம்பியிடம் போயிருக்கிறாள். நாளைக்கே உள்ளே போய்க் கையெழுத்துப் போடு, உன் பெண்டாட்டியும் பிள்ளையும் பிழைக்கட்டும் என்றிருக்கிறாள்.

"அத்தான் என்னைக் கொன்னுடுவாரேன்னு சொன்னேன். அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ போடான்னு சொன்னா."

பஸ் வந்தது. இந்த முறை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெல்டர் வழியெல்லாம் பேசவில்லை. அது பழைய மாதிரிப் பேசாமை இல்லை என்பது பெயிண்டருக்குத் தெரிந்திருந்தது. அவன் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது எழுந்தான். வெல்டர் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வீட்டுக்கு வா."

"இன்னிக்கு வேணாம் அத்தான். நீங்க ரெண்டு பேரும்..."

"வான்னா வா."

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். புருஷனுக்குப் பின்னால் தம்பி நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு தம்பி முகத்தை.

"சொல்லிட்டியாடா?" என்றாள்.

"நீ எப்பவோ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்க்கா," என்றான் அவன்.

வெல்டர் பஸ்ஸில் வரும்போது கேள்விகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். என்னை நம்பவில்லையா? நான் சொன்னதை விட கவுண்டரில் பார்த்தது பெரிசா? அவன் பழி சுமந்துகொண்டு திரிந்தபோது பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தாய்? என்னை அப்படியே இருக்க விட்டாயே, அது எதற்கு? எதை முதலில் எடுப்பது என்று இப்போது பிடிபடவில்லை.

அவள் பதறவில்லை. கண் கலங்கவும் இல்லை. அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, புருஷனுக்கு நேர் எதிரே, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

"நல்லது," என்றாள். "இப்போ கேளுங்க."